‘நாட்டு விவகாரம் பேசாதீர்!’ - சீனத் தேநீர்க்கடைகளின் கதை

திரை விலகுகிறது. பழைய பீஜிங் நகரத்துத் தேநீர்க்கடை ஒன்று. நீளமான மேசைகள், பெஞ்சுகள். பறவைக் கூண்டோடு வந்து உட்காரும் பெரியவர்கள். ஒரு மூலையில் இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு புறாவுக்காக மோதிக்கொள்ளத் தயாராக இருக்கும் இரண்டு கோஷ்டிகளை ஒருவர் சமாதானப்படுத்துகிறார். அதே கூரையின் கீழே, பட்டினியால் துவண்ட ஒரு விவசாயி, தன் பதினைந்து வயது மகளைக் கொஞ்சம் வெள்ளிக்காக ஒரு தரகரிடம் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவே, சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும் காகிதம் சொல்கிறது: ‘நாட்டு விவகாரம் பேசாதீர்!’

‘இங்கே அரசியல் பேசாதீர்’ என்ற போர்டை டீக்கடையிலோ சலூனிலோ பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வாசகம் புதிதல்ல. ஆனால், சீனத்தில் அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டின் கண்ணீர் இருக்கிறது. அந்தக் காகிதத்தை மேடையேற்றிய எழுத்தாளரின் உயிரும் இருக்கிறது. அவர் பெயர் லாவோ ஷே. நாடகத்தின் பெயர், ‘தேநீர்க்கடை’.

அவர் கதைக்குப் போவதற்கு முன்னால், அப்படியொரு நாடகம் ஏன் ஒரு தேநீர்க்கடைக்குள் நடக்க வேண்டியிருந்தது என்று பார்த்துவிடலாம்.

இலை ஒன்று, பெயர் இரண்டு

தேநீர் குடிக்கும் பழக்கம் சீனத்தில் மிகப் பழையது. எட்டாம் நூற்றாண்டில், தாங் வம்ச காலத்தில் வாழ்ந்த லூ யூ என்பவர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். எந்த ஊர் இலை நல்லது, எந்தத் தண்ணீரில் கொதிக்கவைக்க வேண்டும், எந்தக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும் என்று அத்தனையும் அதில் உண்டு.

அதற்கடுத்த சோங் வம்ச காலத்தில் தலைநகரங்களான கைஃபெங்கிலும் ஹாங்ஜோவிலும் தேநீர்க்கடைகள் பெருகின. ஹாங்ஜோ கடைக்காரர்கள் சுவரில் ஓவியங்களை மாட்டினார்கள். பருவத்துக்கு ஏற்ற பூக்களை அடுக்கி வைத்தார்கள். வாடிக்கையாளரைக் கொஞ்ச நேரம் கூடுதலாக உட்காரவைக்கும் வித்தை, பல நூறு வருடங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது!

சீனத்தின் பெரும்பகுதியில் இதன் பெயர் ‘சா’. ஆனால், தெற்குக் கடற்கரையில் இருக்கும் ஃபூஜியன் பகுதியின் மொழியில் ‘தே’. அங்கிருந்து கப்பலில் சரக்கு ஏற்றிய டச்சு வணிகர்கள் வழியாக ‘தே’ ஐரோப்பாவுக்குப் போய் ‘டீ’ ஆனது. தரைவழியே போன ‘சா’, ‘சாய்’ ஆனது. நம்மிடம் இரண்டும் வந்து சேர்ந்துவிட்டன. தேயிலை, தேநீர் என்கிறோம். குமரி மாவட்டத்துப் பக்கம் போனால் ‘சாயா’ என்கிறோம்.

தொடரும்...

பழைய தேநீர்க்கடைக்கு மக்கள் தாகம் தீர்க்க மட்டும் வரவில்லை. கதை கேட்க வந்தார்கள். கடையின் ஒரு கோடியில் சிறிய மேசை. அதன் பின்னால் கதைசொல்லி. கையில் மடக்கு விசிறி, மேசைமேல் ஒரு சிறிய மரக்கட்டை. விசிறியை மடக்கினால் அது வாள், விரித்தால் கடிதம். போர்க்களத்தில் நாயகன்மீது எதிரியின் ஈட்டி பாயப்போகும் அந்தக் கணத்தில், மரக்கட்டையை ‘டப்’ என்று தட்டி நிறுத்திவிடுவார். மீதி நாளைக்கு!

பெரும் சீன நாவல்களின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றும் சஸ்பென்ஸில் முடிவதற்கும் இந்தக் கதைசொல்லிகளின் பழக்கம்தான் மூலம். வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ என்ற சொல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு அந்த வேதனை புரியும்.

கதைகளுக்குள்ளும் தேநீர்க்கடை வந்து உட்கார்ந்துகொண்டது. சீனத்தின் புகழ்பெற்ற பழைய நாவல்களில் ஒன்றான ‘நீர்க்கரை’யில், வாங் என்ற கிழவி ஒரு தேநீர்க்கடை நடத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் ஊரின் பணக்காரன் ஒருவனையும் ரகசியமாகச் சந்திக்கவைப்பது அவள்தான். அந்தச் சந்திப்பு கடைசியில் கொலையில் போய் முடிகிறது.

நவீன சீன இலக்கியத்தின் தந்தை என்று போற்றப்படும் லூ ஷுன் 1919-ல் எழுதிய ‘மருந்து’ என்ற சிறுகதை இன்னும் கசப்பானது. காசநோயில் கிடக்கும் மகனைக் காப்பாற்ற, ஒரு தேநீர்க்கடைக்காரர் சேமித்த காசையெல்லாம் கொடுத்து ‘மருந்து’ வாங்குகிறார். அது என்ன தெரியுமா? அன்று காலை தலை வெட்டப்பட்ட ஒருவரின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டி! கொல்லப்பட்டவர் மக்களுக்காகப் போராடிய புரட்சியாளர். கடையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பவர்களோ, அவரைப் பைத்தியம் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். மகனும் பிழைக்கவில்லை. 1907-ல் மரண தண்டனைக்கு ஆளான ச்சியு ஜின் என்ற பெண் புரட்சியாளரை மனதில் வைத்தே லூ ஷுன் இதை எழுதினார்.

தேநீர்க்கடையில் நல்ல பேச்சும் உண்டு, வெட்டிப் பேச்சும் உண்டு. யாருடைய உயிர் போனாலும் இன்னொரு கிண்ணம் ஊற்றச் சொல்லும் கல் நெஞ்சமும் உண்டு என்பதை லூ ஷுன் மறைக்கவில்லை.

தோற்றவர் தலையில் பில்

தேநீர்க்கடைக்குப் பேர்போன ஊர், தென்மேற்குச் சீனத்தின் செங்டூ. 1909-ஐ ஒட்டி எடுக்கப்பட்ட ஒரு கணக்கின்படி, அந்த ஊரில் இருந்த தெருக்கள் 516. தேநீர்க்கடைகள் 454! கிட்டத்தட்ட தெருவுக்கு ஒன்று.

அங்கே கிண்ணத்தோடு ஒரு தட்டும் மூடியும் சேர்ந்து வரும். மூடி வானம், தட்டு பூமி, நடுவில் இருக்கும் கிண்ணம் மனிதன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். சூடு தாங்காமல் கை சுடாமலிருக்கத் தட்டு. இலையை ஒதுக்கி உறிஞ்ச மூடி. மூடியைச் சாய்த்து வைத்தால், ‘வெந்நீர் ஊற்றுப்பா’ என்று அர்த்தம். வாய் திறக்க வேண்டியதே இல்லை. நீண்ட மூக்கு வைத்த செம்புக் கெண்டியோடு ஆள் வந்து நிற்பார். இலைக்குத்தான் காசு, ஒரு முறை போட்ட இலையிலேயே வெந்நீர் ஊற்றி ஊற்றி நாள் முழுக்க உட்காரலாம்.

மூங்கில் நாற்காலியில் சாய்ந்திருப்பவரின் காதை, மெல்லிய கம்பிகளாலும் இறகாலும் சுத்தம் செய்துவிட ஒருவர் வருவார். வறுத்த விதைகள் விற்க இன்னொருவர். மாடு தரகர், கல்யாணத் தரகர், வேலை தேடுபவர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கடை.

செங்டூவின் மக்கள் பூங்காவில் 1923-ல் தொடங்கிய ‘ஹெமிங்’ தேநீர்க்கடை, ஆசிரியர்களின் கடை. அந்தக் காலத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கு அரை வருட ஒப்பந்தம்தான். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் வந்துவிட்டால், ‘அடுத்த பருவத்துக்கு வேலை உண்டா, இல்லையா’ என்ற பதற்றத்தோடு ஆசிரியர்கள் அங்கே குவிவார்கள். பள்ளி நிர்வாகிகளும் அங்கேயே வந்து ஆள் எடுப்பார்கள். அதற்கு ஊர் வைத்த பெயர், ‘ஆறு - பன்னிரண்டு யுத்தம்’. கையில் கிண்ணம் இருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் தேநீர் ருசித்திருக்காது.

இன்னொரு சுவையான வழக்கமும் உண்டு. கடன் தகராறோ, வாய்த் தகராறோ வந்தால், இரண்டு தரப்பும் நேராக நீதிமன்றம் போக மாட்டார்கள். தேநீர்க்கடைக்குப் போவார்கள். ஊரில் மதிப்புள்ள ஒருவர் நடுவில் உட்கார்ந்து இருபக்கமும் கேட்பார். யார்மேல் தப்பு என்று தீர்ப்பாகிறதோ, அவர் அங்கிருக்கும் அத்தனை பேரின் தேநீருக்கும் காசு கொடுக்க வேண்டும். சில நாள்களில் தீர்ப்பு பிடிக்காமல் கிண்ணங்களும் பெஞ்சுகளும் பறந்ததுண்டு. அப்போது அந்தச் சேதத்துக்கும் தோற்றவர்தான் பொறுப்பு.

ஆனால், இந்தப் ‘பொது இடம்’ எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை செங்டூ தேநீர்க்கடைகளில் பெண்களுக்கு இடமில்லை. முதன்முதலில் உள்ளே வந்த பெண்களை ஊர் வேடிக்கை பார்த்தது, ஏசியது. அதையும் தாண்டித்தான் அவர்கள் அந்த மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

செங்டூவில் பிறந்த வரலாற்றாசிரியர் வாங் டி, இந்தக் கடைகளின் நூறு ஆண்டு வரலாற்றை இரண்டு பெரிய நூல்களாக எழுதியிருக்கிறார். அரசர் ஆட்சி, குடியரசு, கம்யூனிஸ்ட் ஆட்சி என்று எந்த அரசு வந்தாலும் தேநீர்க்கடையை ஒழுங்குபடுத்த நினைத்ததை அவற்றில் பார்க்கலாம். பத்துப் பேர் கூடி மனம்விட்டுப் பேசும் இடத்தைப் பார்த்து அதிகாரம் எப்போதுமே கொஞ்சம் பயப்படுகிறது. கடைக்காரர்களும் வம்பு வேண்டாம் என்று அந்த நான்கு எழுத்துக் காகிதத்தைச் சுவரில் ஒட்டினார்கள். சீனத்தில் ‘நாட்டு விவகாரம் பேசாதீர்’ என்று எழுத நான்கு எழுத்துகள் போதும்.

முதலாளி வாங் லிஃபாவின் ஐம்பது வருடங்கள்

இப்போது லாவோ ஷேயிடம் வருவோம்.

1899-ல் பீஜிங்கில் ஓர் ஏழை மஞ்சு குடும்பத்தில் பிறந்தவர். அப்பா அரண்மனைக் காவல் படையின் சாதாரணச் சிப்பாய். 1900-ல் எட்டு நாடுகளின் கூட்டுப்படை பீஜிங்குக்குள் நுழைந்தபோது நடந்த சண்டையில் இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மா, ஊரார் துணிகளைத் துவைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

படித்து ஆசிரியரான லாவோ ஷே, 1924 முதல் ஐந்து வருடங்கள் லண்டனில் சீன மொழி கற்பித்தார். திரும்பும் வழியில் சிங்கப்பூரில் சில மாதங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தார். அங்கே அவர் எழுதத் தொடங்கிய குழந்தைகள் நாவலில், சீனச் சிறுவன் ஒருவன் மலாய், இந்தியக் குழந்தைகளோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறான். பின்னர் எழுதிய ‘ரிக்‌ஷாக்காரன்’ நாவல் அவரை உலகறியச் செய்தது. அமெரிக்காவில் இருந்தவர், புதிய சீனத்தில் நம்பிக்கை வைத்து 1949-ன் இறுதியில் ஊர் திரும்பினார். 1951-ல் பீஜிங் நகர நிர்வாகம் அவருக்கு ‘மக்கள் கலைஞர்’ என்ற பட்டம் கொடுத்தது.

சீன அரசியல் சட்டத்தின் கதையைச் சொல்லும் ஒரு நாடகத்தை அவர் முதலில் எழுதினார். வாசித்துப் பார்த்த பீஜிங் மக்கள் கலை அரங்கத்துக்காரர்கள், ‘இதில் தேநீர்க்கடையில் நடக்கும் காட்சிதான் அற்புதம். அதையே முழு நாடகமாக எழுதுங்களேன்’ என்றார்கள். பெரிய அரசியல்வாதிகளை அவருக்குப் பழக்கமில்லை. ஆனால், தேநீர்க்கடைக்கு வரும் சின்ன மனிதர்களை நன்றாகத் தெரியும். அவர்களுடைய வாழ்க்கை மாறுவதைக் காட்டினாலே காலம் மாறுவதும் தெரிந்துவிடும் என்று அவர் நினைத்தார். 1958 மார்ச்சில் ‘தேநீர்க்கடை’ மேடையேறியது.

மூன்றே அங்கங்கள். ஒரே கடை. அறுபதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். முதல் அங்கம் 1898, மன்னராட்சியின் கடைசிக் காலம். இரண்டாவது, ராணுவத் தளபதிகள் நாட்டைப் பங்குபோட்டுக்கொண்ட காலம். மூன்றாவது, ஜப்பான் தோற்று இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு.

கடை முதலாளி வாங் லிஃபா கெட்டிக்காரர். எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். யாரையும் பகைக்க மாட்டார். காலம் மாற மாற, கடையையும் மாற்றிக்கொண்டே இருப்பார். மேசைக்கு விரிப்பு போடுவார். பின்பக்கத்தை மாணவர் விடுதியாக்குவார். சுவர்க் காகிதத்தை மட்டும் எடுக்க மாட்டார். ஒவ்வோர் அங்கத்திலும் அதன் எழுத்துகள் மட்டும் பெரிதாகிக்கொண்டே போகின்றன! மூன்றாவது அங்கத்தில் பக்கத்திலேயே இன்னொரு காகிதம்: ‘தேநீருக்கு முன்பணம் தரவும்’. ஊரில் பயமும் வறுமையும் எவ்வளவு கூடிவிட்டன என்பதை இந்த இரண்டு காகிதங்களே சொல்லிவிடுகின்றன.

முதல் அங்கத்தில் சாங் என்ற நேர்மையான மனிதர், ‘இந்தப் பேரரசு தேறாது போலிருக்கிறதே’ என்று கவலையோடு வாய்விடுகிறார். அவ்வளவுதான். பக்கத்து மேசையில் இருந்த ரகசியப் போலீஸார் இருவர் அவரைப் பிடித்துப்போகிறார்கள். பேரரசு உண்மையிலேயே கவிழ்ந்துவிடுகிறது. இரண்டாவது அங்கத்தில் பார்த்தால், அதே இருவர் புதிய எஜமானர்களிடம் அதே வேலையில் இருக்கிறார்கள். மூன்றாவது அங்கத்தில் அவர்களுடைய மகன்கள், அதே பெயரோடு, அதே வேலையில்! ஆட்சி மாறும், ஒட்டுக்கேட்கும் காது மட்டும் பரம்பரைச் சொத்து.

கடைசியில், வாழ்நாள் முழுக்க வளைந்துகொடுத்த வாங் லிஃபாவின் கடையையே பறித்துக்கொள்ள ஆள் வந்துவிடுகிறது. அவரும், சாங்கும், தொழிற்சாலை கட்டி நாட்டைக் காப்பாற்றலாம் என்று நம்பி எல்லாவற்றையும் இழந்த சின் என்பவரும் கூடுகிறார்கள். மூவரும் இப்போது கிழவர்கள். சாங் கொஞ்சம் வேர்க்கடலை கொண்டுவந்திருக்கிறார். மெல்லத்தான் யாருக்கும் பல் இல்லை. சவ ஊர்வலத்தில் வீசும் காகிதப் பணத்தை எடுத்துத் தங்களுக்குத் தாங்களே தூவிக்கொண்டு அந்த மூன்று கிழவர்களும் சிரிக்கிறார்கள். பிறகு வாங் லிஃபா உள்ளே போய்த் தூக்கில் தொங்கிவிடுகிறார்.

எழுதியவருக்கு நேர்ந்தது

நாடகத்துக்கு நல்ல வரவேற்பு. ஆனால், ‘இதில் புரட்சிக் குரல் போதவில்லை’ என்ற விமர்சனமும் சேர்ந்தே எழுந்தது. நாடகம் நிறுத்தப்பட்டது. 1963-ல் மறுபடி மேடைக்கு வந்து, மறுபடி மறைந்தது.

1966-ல் கலாசாரப் புரட்சி தொடங்கியது. பழைய பழக்கங்கள் எல்லாம் குற்றமாகின. தேநீர்க்கடைகள் பல மூடப்பட்டன. ஆகஸ்ட் 23 அன்று, 67 வயது லாவோ ஷேயையும் வேறு பல கலைஞர்களையும் செங்காவலர்கள் பீஜிங்கின் கன்ஃபூசியஸ் ஆலயத்துக்கு இழுத்துச்சென்று அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள். மறுநாள் வீட்டைவிட்டுக் கிளம்பிய அவர், தைப்பிங் ஏரிக்கரைக்குப் போனார். பிறகு அவருடைய உடல்தான் ஏரியிலிருந்து கிடைத்தது.

வாங் லிஃபாவின் முடிவு மேடையேறி ஒன்பது வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை.

1978-ல் அரசு அவருடைய நற்பெயரைத் திருப்பித் தந்தது. 1979-ல் ‘தேநீர்க்கடை’ திரும்ப மேடையேறியது. மறுவருடம் மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்துக்குப் போய் வந்தது. முதல் நாளிலிருந்து வாங் லிஃபாவாக நடித்துவந்த யூ ஷிஜி, 1992 ஜூலையில் அந்த வேடத்தைக் கடைசியாகக் கலைத்தார். நாடகம் இன்றும் நடக்கிறது.

கடல் தாண்டிய கிண்ணங்கள்

ஜப்பானில் தேநீர் வேறு பாதையில் போனது. பதினாறாம் நூற்றாண்டின் தேநீர்க் கலைஞர் சென் நோ ரிக்யூ, கூச்சலில்லாத சின்னஞ்சிறு அறையில் அதை வைத்தார். அவருடையது என்று கருதப்படும் ‘தாய்-ஆன்’ அறை, இரண்டே பாய்கள் விரிக்கும் அளவு. வாசலோ, குனிந்து தவழ்ந்துதான் நுழைய முடியும் என்கிற அளவுக்குச் சிறியது. சாமுராயாக இருந்தாலும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்துதான் வர வேண்டும். எல்லோரையும் குனியவைத்த ரிக்யூவை, நாட்டை ஆண்ட ஹிதேயோஷி 1591-ல் தற்கொலை செய்துகொள்ளும்படி உத்தரவிட்டார். காரணம் என்ன என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஜப்பானின் கேளிக்கைத் தேநீர் இல்லங்கள் தனி ரகம். எஜமானரின் சாவுக்குப் பழிவாங்கிய 47 சாமுராய்களின் கதையைச் சொல்லும் 1748-ம் வருட நாடகத்தில், அவர்களின் தலைவர் ‘இச்சிரிகி’ என்ற தேநீர் இல்லத்தில் குடிகாரனைப் போல நடித்து ஒற்றர்களை ஏமாற்றுகிறார். அங்கேயும் ஒட்டுக்கேட்கும் காதுகள்!

தைவானில் 1981-ல், தைபே நகரத்துப் பழைய வீடு ஒன்று ‘விஸ்டேரியா’ என்ற தேநீர் இல்லமானது. அப்போது அங்கே ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. அரசை விமர்சித்தவர்களும் கலைஞர்களும் கூடிப் பேச அந்த வீடு இடம் கொடுத்தது. 1987-ல் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. இன்று அந்த வீடு பாதுகாக்கப்படும் நினைவுச் சின்னம். அங்கே இன்னமும் தேநீர் கிடைக்கிறது.

இரண்டு காசு தேநீர்

பீஜிங்குக்குத் திரும்புவோம். 1979-ல், யின் ஷெங்ஷி என்பவர் வேலையில்லாத இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, நகரின் மையத்தில் சென்மென் பகுதித் தெருவோரம் கடை போட்டார். பெரிய கிண்ணம் நிறையத் தேநீர், விலை இரண்டு ஃபென். நம் கணக்கில் இரண்டு காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் சேர்ந்த பணம் வளர்ந்து, 1988-ல் அதே பகுதியில் ஒரு பெரிய தேநீர் இல்லம் ஆனது. அதற்கு அவர் வைத்த பெயர், ‘லாவோ ஷே தேநீர் இல்லம்’.

இன்று அங்கே சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மேடையில் பழைய பாட்டும் கதையும் வித்தைகளும் நடக்கின்றன. இரண்டு காசு தேநீரையும் ஓர் அடையாளமாக விற்றுவந்தார்கள். அந்தப் பக்கம் செங்டூவின் ஹெமிங் கடையில், நூறு வருடம் கடந்தும் மூங்கில் நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன.

கிண்ணத்தில் இருப்பது இலையும் வெந்நீரும்தான். அதை வீட்டிலேயே குடித்துவிடலாம். ஆனாலும், மனிதர்கள் எழுந்து, நடந்து, இன்னொரு மனிதருக்கு எதிரில் போய் உட்கார்ந்து குடிக்கிறார்கள். சுவரில் என்ன எழுதி ஒட்டினாலும் சரி, இரண்டாவது மடக்கு உள்ளே போனதும் யாராவது ஒருவர் பேச்சைத் தொடங்கிவிடுகிறார். லாவோ ஷே அந்தப் பேச்சைத்தான் காது கொடுத்துக் கேட்டார்.